அந்தக் கேலிக்கு மாமி என்ன பதில் சொன்னார்?

கேள்வி: என் அம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, கடந்த மார்கழியில் 79-ஆவது வயதில் காலமானார். அரசுப் பேருந்து நடத்துநராக நாகர்கோவில் – களியக்காவிளை தடத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவர் வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. பேருந்தில் ஒரு மதுரைக்காரர், நம் ஊர்ப் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்கிறார்களே என்று வியந்தபோது, "ஓய், இஞ்ச வெள்ளம்னா குடிக்கலாம், ஒம்ம ஊருல வெள்ளம்னா ஓடணும்" என்றாராம். பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று பந்தலில் உட்கார்ந்து இப்படிப்பட்டவற்றைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஒரு பெரியவர், "செத்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள என்ன சிரிப்பாணி?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது.

ஆண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் அச்சிட்டு, அதில் மாமாவின் பேச்சுகளைத் தொகுக்க விரும்புகிறேன். அவருடைய மகன், அதாவது என் அத்தான், "அப்பாவைக் கோமாளி ஆக்க வேண்டாம், மரியாதையா நாலு வரி போட்டாப் போதும்" என்கிறார். கடைசி மூன்று மாதமும் ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர் அவர்தான். அங்கே நர்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "டிக்கெட் எடுத்தாச்சு மக்களே, எறங்குற ஸ்டாப்புதான் வரல" என்று மாமா சொன்னாராம். அத்தான் இதை ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு அவர் வாயிலிருந்து அது வரவே இல்லை.

இன்னொன்று மாமாவின் புகழ்பெற்ற பேச்சு: "மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு, தமிழ்ல சம்சாரம்னா பெஞ்சாதி. நம்ம வீட்டுல ரெண்டும் ஒண்ணுதான்." இதை இப்போது யாராவது சொன்னால் மாமி எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறார். முன்பெல்லாம் கூட இருந்து சிரித்தவர்தான். என் போனில் மாமா அனுப்பிய குரல் பதிவுகள் நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட என்னால் திறந்து கேட்க முடியவில்லை. நாங்கள் செய்வது சரிதானா?

— ஒரு வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நானும் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் முறை படித்தபோது, அவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட கடிதத்தில் ஒரே ஒரு வரி விடுபட்டிருப்பது கண்ணில் பட்டது. உங்கள் கேள்விகளில் முக்கியமானதற்கு விடை அந்த விடுபட்ட வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால், உங்கள் மனத்தை உறுத்தும் சிரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அடியந்திரப் பந்தலில் நீங்கள் சிரித்தது தவறில்லை. பேரன் பேத்தி எடுத்து, வயது நிறைந்து போனவரின் மறைவைக் கல்யாணச் சாவு என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. அழுகையும் பழங்கதையும் சிரிப்பும் ஒரே பந்தலில் கலந்து கிடப்பது நம் முன்னோருக்குப் புதிதல்ல. உளவியலும் இதையே சொல்கிறது. ஜார்ஜ் பொனானோ, டாக்கர் கெல்ட்னர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமானவர்களை, மறைந்தவரோடு வாழ்ந்த வாழ்வைப் பற்றிப் பேசவைத்து, பேசும்போது அவர்கள் முகத்தில் ஓடுவதைக் கவனித்து, 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேச்சின் நடுவே கண்ணோரம் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் கோபமும் துயரின் அழுத்தமும் குறைவாகவே இருந்தன. சிரித்தவர்கள் அன்பு குறைந்தவர்கள் என்று அந்த ஆய்வில் எங்கும் தெரியவரவில்லை. அந்தப் பெரியவர் கேட்டதையும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கும் மாமாவின் வயதுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தன் வயதுக்காரர் ஒருவர் போய்விட்ட பதினாறாம் நாளில் சுற்றிலும் சிரிப்பொலி கேட்பது எளிதான காரியமல்ல.

இனி அந்த வரிக்கு வருகிறேன். மாமாவின் "சம்சாரம்" பேச்சைச் சொல் மாறாமல் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்ட மாமி முன்பு சிரிப்பார் என்றும், இப்போது எழுந்து போகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கேலிக்கு மாமி என்ன பதில் சொல்வார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை.

இத்தனை ஆண்டுகள், எத்தனையோ விருந்தாளிகளின் முன்னால், ஒரே கேலியைக் கேட்ட ஒரு பெண் ஒருமுறைகூட வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டு மட்டும் நின்றிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. நம் பக்கத்துப் பெண்களை நான் அறிவேன். அடுக்களையிலிருந்தோ கதவோரத்திலிருந்தோ ஒரு சொல் வந்திருக்கும். அந்தச் சொல்லுக்காகவேதான் மாமா ஒவ்வொரு முறையும் அதே பேச்சைப் புதிதாகத் தொடங்கியிருப்பார். வாய் வல்லமை உள்ளவர்கள் தங்களுக்குச் சரியாகப் பதில் கொடுப்பவரைத்தான் திரும்பத் திரும்பச் சீண்டுவார்கள்.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு இதை நெடுகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுகிறவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்று வாங்கிக்கொண்டால்தான் கதை அடுத்த அடிக்கு நகரும். நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனை நம் மாவட்டமே தன் வீட்டுப் பிள்ளையாக நினைக்கிறது. அவருடைய நகைச்சுவைக் காட்சிகளில் டி.ஏ. மதுரம் பேசும் வரிகளை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஓர் ஆண் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்துகொண்டிருப்பது மட்டும் மிஞ்சும். மதுரத்தின் பதில் வந்து சேர்ந்த பிறகுதான் அது இருவர் விளையாட்டு ஆகிறது. வாழ்க்கையிலும் இணைந்திருந்த அந்த இருவருக்கும் அந்த இரகசியம் தெரிந்திருந்தது.

இப்போது உங்கள் வீட்டில் நடப்பதை மாமி இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். மாமா இருந்தவரை அந்தப் பேச்சு அவருக்கு ஓர் அழைப்பு. அவர் சொல்வார், இவர் திருப்பிக் கொடுப்பார், வீடு சிரிக்கும். இன்று அதே வரியை மருமகனோ பேரனோ எடுத்துச் சொல்கிறார்கள். வரி அதேதான். ஆனால் பதிலை வாங்கிக்கொள்ள வேண்டியவர் இல்லை. மற்றவர்களுக்கு அது நினைவாக இருக்கிறது, மாமிக்கோ பதில் சொல்ல முடியாத ஒரு கேலியாக மிஞ்சிவிட்டது. போதாததற்கு, ஓயாமல் பேசும் மனைவி என்ற பெயர் மட்டும் அவர்மேல் தங்கிவிடுகிறது. அவர் எழுந்து போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் பாட்டா தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்தவர். விடிவதற்கு முன்னால் போய், பிச்சியும் அரளியும் மணக்கும் தோள் துண்டோடு திரும்பி வருவார். அவரிடம் யாராவது வயதைக் கேட்டால், "பூக்காரன்ட்ட கேக்குற கேள்வியா இது? காலைல ஒரு வெல, உச்சைக்கு ஒரு வெல" என்பார். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இந்த வரி தெரியும். அதற்கு ஆச்சி ஏதோ பதில் சொல்வாள் என்பதும், பாட்டாவின் பேச்சைவிட அந்தப் பதிலுக்குத்தான் வீடு அதிகமாகச் சிரிக்கும் என்பதும் தெரியும். வெற்றிலை மென்ற வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து அவள் அதைச் சொல்வது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. என்ன சொல்வாள் என்பது மட்டும் யாருக்கும் நினைவில்லை. அவள் இருந்தபோது நாங்கள் பாட்டாவின் வரியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவளிடம் கேட்கவில்லை. இப்போது கேட்க அவளும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக மற்றவர்களின் துயரத்தைக் கேட்டு வருகிற எனக்கு, சொந்த வீட்டில் நேர்ந்த இந்த இழப்பு இன்னும் ஆறவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அத்தானுக்கும் இது பொருந்தும், வேறு விதத்தில். உங்கள் நினைவில் இருக்கும் மாமா பேருந்தின் படியில் நிற்கிறார். அத்தானின் நினைவில் இருப்பவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். மூன்று மாதம் உடனிருந்து பார்த்தவர்களுக்கு, முகத்தில் கடைசியாகக் கண்ட வாட்டம் அதற்கு முந்தைய எழுபது ஆண்டுகளையும் சில காலம் மறைத்துவிடுவது உண்டு. அந்த நிலையில் இருப்பவரிடம் கேலித் தொகுப்பு என்றால், தான் பட்டதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஊர் சிரிக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும். அவர் மரியாதை என்று கேட்பது, அந்த மூன்று மாதத்துக்கும் மலரில் ஓர் இடம் வேண்டும் என்பதாக இருக்கலாம். "டிக்கெட் எடுத்தாச்சு" என்ற வரி அவர் கையில் இருக்கிறது. அதை ஒருமுறை சொல்லிவிட்டு அவர் மூடிவைத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கும். அது நர்ஸிடம் சொல்லப்பட்டதுபோல் இருந்தாலும், கட்டிலருகே நின்றிருந்த மகனின் காதில் விழவேண்டும் என்றுதான் சொல்லப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. தன் முடிவு தனக்குத் தெரிந்துவிட்டது என்பதை மகனிடம் நேரே சொல்ல ஒரு தகப்பனுக்கு நா எழாது. நடத்துநரின் சொல்லில் வைத்துச் சொல்லிவிட்டார். அந்த வரியை மலரில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அத்தானின் முடிவுக்கே விட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் முறை.

மலரைப் பொறுத்தவரை, என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். "பாசமிகு தந்தை, பண்பின் சிகரம், நகைச்சுவை உணர்வு மிக்கவர்" என்று அச்சிடப்பட்ட நினைவு மலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படத்தை மாற்றிவிட்டால் எந்தக் குடும்பத்துக்கும் அவை பொருந்தும். மாமா சிரிக்கவைத்தார் என்று எழுதுவதைவிட, மதுரைக்காரர் எந்த நிறுத்தத்தில் ஏறினார், வெயில் நேரமா, மாமா தோளில் தொங்கும் பையோடு எங்கே நின்றுகொண்டு அதைச் சொன்னார், மதுரைக்காரர் முகம் எப்படி ஆயிற்று என்று, அந்தக் காலத்து ஓட்டுநர் யாராவது இருந்தால் கேட்டு எழுதுங்கள். உடன் வேலை பார்த்தவர்களிடம் உங்களுக்குத் தெரியாத பத்துப் பேச்சாவது இருக்கும்.

எழுதும்போது அவருடைய மொழியைத் திருத்தாதீர்கள். "இஞ்ச" என்பதை "இங்கே" என்றும், "ஓய்" என்பதை "ஐயா" என்றும் மாற்றினால் அதைப் பேசியவர் மாமாவாக இருக்க மாட்டார். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று மாமாவுக்குப் பத்து வயது இருக்கும். தெருவில் ஒரு மொழியும் அலுவலகத்தில் இன்னொரு மொழியும் புழங்கிய காலத்தில் காது திறந்தவர் அவர். வெள்ளம், சம்சாரம் என்று ஒரே சொல் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறுவேறு பொருளில் நிற்பதை, நாள்தோறும் களியக்காவிளைக்குப் போய் வந்தவர் காதால் பிடித்து வைத்திருந்தார். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு என்று தெரியும்? அடிக்குறிப்புப் போட்டு விளக்கினால் சிரிப்பு செத்துவிடும். மாமாவே அந்தப் பேச்சுக்குள் பொருளைச் சொல்லிவிட்டுத்தான் கேலிக்கு வருகிறார், அந்த வரிசையை அப்படியே காப்பாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எவ்வளவு அன்பான கேலிக்காரராக இருந்தாலும், அவருடைய பேச்சில் ஒன்றிரண்டு யாரையாவது குத்தியிருக்கும். ஒருவரின் நிறம், தேர்வில் தோற்றது, குழந்தை இல்லாதது போன்றவற்றைத் தொட்ட பேச்சுகள் தொகுப்பில் வந்தால், சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள். அவர் தயங்கினால் விட்டுவிடுங்கள். சொன்னவர் இருந்தால் முகம் பார்த்து மறுநாள் சமாதானம் செய்திருப்பார். அச்சுக்கு அந்த வழி கிடையாது.

குரல் பதிவுகளை இப்போதே கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அவை உங்கள் போனில் மட்டும் இருப்பது ஆபத்து. போன் தண்ணீரில் விழுந்தாலோ மாற்றும்போது தவறினாலோ எல்லாம் போய்விடும். வீட்டில் விவரம் தெரிந்த பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, திறந்து கேட்காமலே ஒரு கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த நாளில் வந்தது என்பதும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். பிறகு உங்களுக்கு மனம் வரும்போது, நீளம் குறைந்த ஒன்றை, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் எழுதியதுபோல, இழப்பை நோக்கிப் போவதும் அதைவிட்டு விலகி அன்றாட வேலைக்குத் திரும்புவதுமாக மனம் மாறிமாறி ஊசலாடுவதுதான் துயரத்தின் இயல்பு. பந்தலில் சிரிக்க முடிந்த உங்களால் பதிவைத் திறக்க முடியாததும் அந்த ஊசலாட்டத்தின் ஒரு பக்கம்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் முன்னறிவிப்பில்லாமல் போட்டுவிடாதீர்கள். சமையல் செய்துகொண்டிருக்கும் மாமியின் காதில், பக்கத்து அறைப் போனிலிருந்து, திடீரென்று அந்தக் குரல் விழக்கூடாது.

மாமியைக் குறித்து இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பேச்சு வரும்போது மட்டும் எழுந்து போகிறாரா, அல்லது பொதுவாகவே சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்துவிட்டதா? மாதங்கள் கடந்தும் பெரும்பாலான நாள்களில் துயரம் கொஞ்சமும் தளராமல், அன்றாட வாழ்வே நடக்காதபடி அழுத்தினால், அதை நீடித்த துயர நோய் என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறை பெரியவர்களுக்கு ஓராண்டையும் குறைந்த அளவாகக் கொள்கின்றன. அதற்குத் தனியான சிகிச்சை உண்டு. அப்படித் தோன்றினால் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசவும் முடியும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மாமி அந்த நிலையில் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அருகில் இருந்து பார்க்கிறவர் நீங்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது மாமியிடம் போவதுதான். இன்னும் சில வாரங்களில் ஆடி அமாவாசை வருகிறது. குழித்துறை ஆற்றங்கரையில் வாவுபலிக்குக் கூட்டம் கூடும், உங்கள் வீட்டிலும் ஆள்கள் நிறைவார்கள். அந்த நாள் வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு சாதாரண நாளில், மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு ஓய்ந்திருக்கும்போது தனியாகப் போங்கள். மலரைப் பற்றியோ அச்சைப் பற்றியோ அன்று பேச வேண்டாம், போனில் பதிவு செய்யவும் வேண்டாம். அவர் அடுக்களையில் இருந்தால் நீங்களும் அங்கேயே போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் செய்யும் வேலையில் ஒரு கை கொடுங்கள். கொஞ்ச நேரம் போன பிறகு, "மாமா அப்படிச் சொல்லும்போது நீங்க என்ன சொல்லுவீங்க மாமி?" என்று கேளுங்கள். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். வேலை முடிந்ததும் எழுந்து வந்துவிட்டு, இன்னொரு நாள் போங்கள். அவர் பதில் சொன்ன பிறகு, மலரில் மாமாவின் வரிக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், அந்தப் பதிலையும் அச்சிட அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள்.